எங்கள் சவுக்கா, நம் சவுக்கா?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் பாளையங்கோட்டைச் சாயங்காலத்துக்கென்று ஒரு சத்தம் வந்துவிடும். தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம். ஒன்று மொட்டை மாடியில் நடந்துகொண்டு, ஒன்று வாசல்படியில் சம்மணம் போட்டுக்கொண்டு, ஒன்று வேப்பமரத்தடியில் நிறுத்திய சைக்கிளில் சாய்ந்துகொண்டு. பள்ளிக்கூடமும் கல்லூரியும் மதிலோடு மதில் ஒட்டி நிற்பதால் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெயர் வாங்கிய ஊர். பெயர் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொதுத் தேர்வுக்கு முந்தின மாதம் இந்தத் தெருக்களில் நடந்து பார்த்தால் அவ்வளவு அதிகமும் இல்லை என்று தோன்றும்.

அக்கா மகள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்குக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் உண்டு. ஆங்கிலத்துக்கு மாமாதான். “மாமா, போயம் பாராக்ராஃப் மட்டும் பாத்துருவமா?” என்று புத்தகத்தையும் கைடையும் சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலத் தாளுக்கு 90 மதிப்பெண். அதில் செய்யுள் பத்திக்கு 5. சுமார் 150 சொல்லில் எழுதி முடிக்க வேண்டும். கைடில் அச்சடித்த பத்தி இருக்கிறது, மனப்பாடம் செய்தால் கதை முடிந்தது. அப்படித்தான் பலரும் முடிக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல நான் வரவில்லை. என் காலத்தில் நானும் அப்படித்தான் முடித்தேன்.

2019இல் வந்த பாடநூலில் ஆறு செய்யுள்கள். ஷேக்ஸ்பியர், டென்னிசன், பிரௌனிங், எட்வின் மியூர், கார்ல் சாண்ட்பர்க் என்று ஐந்து பேர் கடல் கடந்தவர்கள். ஆறாவது ஆள் ஒரு வங்காளத்துப் பெண், டோரு தத். கவிதையின் பெயர் ‘அவர் கேஷுவரினா ட்ரீ’. இதைத் தமிழ் எழுத்தில் எழுதியவுடனே ஒரு வேடிக்கை நடந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மையாக இருக்கிற சொல், நம் எழுத்துக்குள் வந்ததும் ‘அவர்’ என்று படர்க்கையாக நிற்கிறது. வேடிக்கை என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் மரம். ‘கேஷுவரினா’ என்றால் என்னவென்று கேட்டேன். “சவுக்கு” என்றாள் உடனே. கைடில் போட்டிருக்கிறது. சவுக்கு என்றால் அவளுக்குத் தெரிந்தது பந்தல் கால், சாரம் கட்டுகிற கம்பு, கோயில் கொடைக்குத் தெருவை மறித்து நட்ட வரிசை. உயிரோடு நிற்கும் சவுக்கைத் திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இந்தக் கடற்கரைகளில் தோப்புத் தோப்பாக வைக்கப்பட்ட மரம் அது. இலை என்று நாம் நினைக்கும் பச்சை ஊசி உண்மையில் இலை இல்லை, மெல்லிய கிளை. ஒரு ஊசியைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகத் தெரிகிற பொடிச் செதிலே இலை. அகன்ற இலை கிடையாது என்பதால் காற்றில் இது சலசலப்பதில்லை, உஸ்ஸென்று இழுக்கும். இந்தச் சத்தத்தை மட்டும் மறந்துவிடாதே, மூன்றாம் பத்தியில் வேண்டியிருக்கும் என்றேன்.

கவிதைக்கு ஐந்து பத்தி. பத்திக்குப் பதினோரு வரி. முதல் பத்திக்கே ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

முதல் வரியில் ஒரு பெரிய மலைப்பாம்பு வந்து சுற்ற ஆரம்பிக்கிறது. எது பாம்பைப் போல் இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாம் வரியில் தழும்பேறின அடிமரம். மூன்றாம் வரியில் விண்மீனைத் தொடுகிற உச்சி. கண் மேலே போய்விட்டது, பாம்பும் மேலே போய்விட்டது, இன்னும் எழுவாய் வரவில்லை. நாலாம் வரியில்தான் கொடி வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை இத்தனை தூரம் காக்க வைப்பது வழக்கமான நடை இல்லை. கொடி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாம் தோட்டக்காரரைப் போல் நிதானமாக நின்று பார்த்திருப்போம். பாம்பை முதலில் விட்டதால் ஒரு கணம் பின்வாங்குகிறோம். வாக்கியமே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் தன் பெயரைச் சொல்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இது ஒரு கொடை. அடைமொழிகளையெல்லாம் முன்னால் அடுக்கிப் பெயரைக் கடைசியில் வைப்பது நம் நாக்குக்குப் பிறவிப் பழக்கம். ‘நேற்று சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்து பரணில் வைத்த பானை’ என்றால், பானை வரும்வரை நமக்குப் பதற்றமே இருக்காது. ஆங்கிலேயப் பிள்ளை தடுமாறுகிற இடத்தில் இவள் தடுமாறவில்லை. “நாலாவது வரில க்ரீப்பர் இருக்கே மாமா” என்று சாதாரணமாகச் சொன்னாள். சாதாரணமாகப் பட்டதே அதன் நயத்தைப் பார்க்க விடாமல் மறைத்தது. தண்ணீருக்குள் இருக்கிற மீனிடம் ஈரத்தைக் காட்டுகிற வேலை எனக்கு.

ஐந்தாம் வரி இன்னும் அருமை. அந்தக் கொடி தழுவினால் வேறு எந்த மரமும் பிழைக்காது என்று வாக்கியம் முடிகிறது, வரியின் நடுவில். முற்றுப்புள்ளி. பிறகு ‘ஆனால்’. அதற்கடுத்து, வீரத்தோடு என்கிற மாதிரி ஒரு சொல், வரிக்கடைசியில், எதன்மேலும் ஒட்டாமல் தொங்குகிறது. யார் வீரத்தோடு? வரி மாறினால்தான் அந்த ராட்சத மரம் தெரிகிறது. இதுவரை மலைப்பாம்பாக இருந்த கொடி, இங்கே மரம் கழுத்தில் போட்டிருக்கும் துண்டாகிவிடுகிறது. கழுத்தை நெரிக்க வந்ததையே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறது மரம், தேர் பார்க்கப் புறப்பட்ட பெரியவர் மாதிரி. கைடில் ‘சிமிலி: பைத்தான்; மெட்டஃபர்: ஸ்கார்ஃப்’ என்று இரண்டு வரி. இரண்டும் சரி. பாம்பு துண்டாக மாறின அந்த மாற்றத்துக்கு மட்டும் கைடில் வரி இல்லை.

அடுத்து ‘ரைம் ஸ்கீம்’. பிள்ளைகள் வரிக்கடைசி எழுத்துகளைக் கண்ணால் பார்த்து ஏ, பி என்று போட்டுக்கொண்டு போவார்கள். தமிழில் எழுத்தும் ஓசையும் பெரும்பாலும் ஒன்றாகவே நடப்பதால் கண்ணை நம்பலாம், ஆங்கிலத்தில் நம்ப முடியாது. இரண்டாம் பத்தியில் மரக்கிளைக்கான சொல் ஒரு வரியின் கடைசியில் வருகிறது. அவள் அதை ‘பஃப்ஸ்’ என்று படித்தாள். ‘டஃப்’, ‘ரஃப்’ பார்த்துப் பழகின கண். திருத்தாமல் விட்டேன். மூன்று வரி தள்ளி, தூக்கக் கலக்கத்தோடு மேய்ச்சலுக்குப் போகிற பசுக்கள் வரிக்கடைசியில் வந்து நின்றன. ‘கவ்ஸ்’. அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ இது பவ்ஸா மாமா?” பவ்ஸேதான். அந்த உச்சரிப்பை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, இயைபு. பசு வந்து கிளையைத் திருத்திவிட்டுப் போயிற்று.

முதல் பத்தியின் கடைசி மூன்று வரியும் ஒரே இயைபு. முதல் எட்டு வரி இரண்டு நாலடியாகப் பிரிந்து, வெளி வரியோடு வெளி வரியும் உள் வரியோடு உள் வரியும் சேர்ந்து, பெட்டி பெட்டியாக மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் இந்த மூன்றும் ஒரே நீண்ட ஓகாரத்தில் ஓடும். ராத்திரி அந்த மரத்திலிருந்து ஒரு பறவையின் பாட்டு வந்து தோட்டம் நிரம்பி வழிகிறது, அதற்கு முடிவே இல்லாதது போல் இருக்கிறது என்கிறாள் டோரு. ‘முடிவு’ என்ற சொல்லை எங்கே வைத்திருக்கிறாள் என்று பாருங்கள்: பத்தாவது வரியின் கடைசியில். இரண்டு வரி இயைந்துவிட்டது, அங்கே மூடிவிடலாம், காது மூடத் தயாராகவும் இருக்கிறது. மூடவில்லை. அதே இயைபில் இன்னொரு வரி நீள்கிறது. முடிவில்லாத பாட்டு என்று சொல்லிவிட்டு முடிவை ஒரு வரி தள்ளிப் போடுகிறாள். இருபத்தொரு வயது தாண்டாத பெண்ணின் கை இது.

அந்தப் பறவைக்குப் பெயர் கொடுக்கவில்லை. இருட்டில் என்பதற்கு ‘டார்க்லிங்’ என்று ஒரு பழஞ்சொல்லைப் போடுகிறாள். மில்டன் இரவில் பாடும் பறவைக்குப் போட்ட சொல், கீட்ஸ் நைட்டிங்கேலைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது தனக்கே போட்டுக்கொண்ட சொல். கல்கத்தாத் தோட்டத்தில் நைட்டிங்கேல் ஏது? பறவையைச் சொல்லாமல் அதற்குரிய சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டாள். விடிந்ததும் இரண்டாம் பத்தியில் குயில்கள் கூவும்போது ‘கோகிலா’ என்று நம் ஊர்ப் பெயரையே வைக்கிறாள்.

‘அலிட்டரேஷன்’ என்று தேட ஆரம்பித்தால் அக்கா மகளுக்குத் தமிழ்த் தாள் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கேயும் ‘பா நயம் பாராட்டுக’ என்று ஒரு கேள்வி. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, முரண், அணி, சந்தம் என்று தலைப்புப் போட்டு நிரப்ப வேண்டும். மோனைக்கு அலிட்டரேஷன், இயைபுக்கு ரைம் என்று இரண்டு தாளுக்கும் ஒரே அட்டவணை போட்டு வைத்திருந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் அட்டவணையில் எதுகைக்கு எதிரே கட்டம் காலியாகக் கிடந்தது. அங்கே போட ஆங்கிலத்தில் சரக்கில்லை. இரண்டாம் எழுத்து ஒன்றுவது, அதற்கு முன் நிற்கிற எழுத்து குறிலானால் குறிலும் நெடிலானால் நெடிலுமாக அளவொத்து நிற்பது, அந்த நுட்பம் நம் காதுக்கே உரியது. நம் பாட்டு வாசலிலேயே கை குலுக்கிவிடும்; ஆங்கிலப் பாட்டு விடைபெறும்போதுதான் கை கொடுக்கும். மோனையிலும் ஒரு வித்தியாசம். நமக்கு சகரமும் தகரமும் ஒன்றுக்கொன்று மோனை, மகரமும் வகரமும் மோனை. அங்கே அப்படி இனம் சேர்ப்பதில்லை, ஒரே ஓசை வேண்டும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஓசை வேறானால் செல்லாது: ‘சிட்டி’யும் ‘கேட்’டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன, அலிட்டரேஷன் ஆகாது. எழுத்து வேறானாலும் ஓசை ஒன்றினால் செல்லும்: ‘நைஃப்’பும் ‘நைட்’டும் ஆகும். இதைச் சொன்ன பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுப் படித்தாள். அந்தக் கொடியின் பூக்கொத்துக்கு வருகிற இரண்டு சொல்லும் ககரத்தில் முட்டிக்கொள்வது அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை எங்களுக்கு இந்த ஊரே சொல்லிக் கொடுத்திருக்கிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் வண்ணாரப்பேட்டை. அங்கேதான் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி கூடியது. 1882இல் பிறந்து 1954இல் மறைந்த அந்த மனிதர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதில் நழுவ வேண்டும் என்று குரலாலேயே காட்டுவாராம். கம்பன் பாட்டை அவர் அச்சிட்டால் சீர் எண்ணிக்கைப்படி இருக்காது, பொருளும் தாளமும் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே வரியை உடைத்துவிடுவார். பண்டிதர்களுக்குக் கோபம் வந்தது. கம்பன் பாடல்களில் பலதை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதில் எனக்கும் உடன்பாடு கிடையாது. ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் என்கிற அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி. ஆங்கிலப் படிப்புக்காக நெல்லைக்கு அனுப்பப்பட்டதைப் பின்னாளில் சுயசரிதையில் வைது தீர்த்தவர் அவர். அவரே ஷெல்லியின்மேல் மோகம் கொண்டு ‘ஷெல்லிதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்டவரும்கூட. பள்ளிக்கூட ஆங்கிலத்தை வெறுப்பதும் ஆங்கிலக் கவிதையில் கிறங்குவதும் ஒரே ஆளுக்கு நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாம் பத்தியை வேகமாகக் கடந்தோம். ஜன்னல் திறந்தால் விடியல், மர உச்சியில் சிலை மாதிரி ஒரு சாம்பல் நிறக் குரங்கு, கீழ்க்கிளையில் குட்டிகள், குளத்தில் ஆம்பல். அழகுதான், படம் பிடித்த அழகு. தேர்வில் கேட்டால் அவளுக்குக் கஷ்டம் இராது.

மூன்றாம் பத்தியை எடுக்கும்போது அவளுடைய தோழியிடமிருந்து போன் வந்தது. எந்த வீட்டில் சேர்ந்து படிப்பது என்று பேச்சு. “எங்க வீட்டுக்கு வா பிள்ள, எங்க மாமா சொல்லித் தருதாங்க” என்றவள் போனை மறைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, “மாமா, நம்ம வீட்டுக்கு அவளையும் வரச் சொல்லட்டா?” என்றாள். ஒரு நிமிஷத்துக்குள் ஒரே வீடு ‘எங்க’ வீடாகவும் ‘நம்ம’ வீடாகவும் ஆயிற்று. கேட்பவர் உள்ளே என்றால் நம்ம, வெளியே என்றால் எங்க. யோசிக்காமலே மாற்றுகிறோம்.

போனை வைத்ததும், “ஏட்டி, இந்தத் தலைப்பத் தமிழ்ல சொல்லு பாப்போம். எங்கள் சவுக்கு மரமா, நம் சவுக்கு மரமா?” என்று கேட்டேன்.

“எங்கள்” என்றாள். “நமக்கும் அந்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்?”

சரி. முதல் இரண்டு பத்தியில் நாம் வேலிக்கு வெளியே நிற்கிறோம். அவர்களுடைய மரம், அவர்களுடைய பசு. மூன்றாம் பத்தியில் நாங்கள் அதன் அடியில் விளையாடினோம் என்று வருகிறதே, அது நாங்களா, நாமா? அவள் மறுபடி படித்தாள். அடுத்த வரியிலேயே விளையாட்டுத் தோழர்களை விளித்து, உங்களுக்காகவே இந்த மரம் எனக்கு என்றும் பிரியம் என்கிறாள் டோரு. அப்படியானால் அங்கே பேசுவது நம்மிடம் இல்லை. “நாம்” என்றாள் மெதுவாக. ஆங்கிலத்தில் ஒரே சொல். அதற்குள் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கதவு இருப்பதே தெரியும்.

தோழர்கள் யாரென்று இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் அப்ஜு 1865இல் இறந்தான். அக்கா ஆரு 1874இல். 1856இல் பிறந்த டோருதான் மூவரில் இளையவள். அவளும் 1877இல் போய்விட்டாள். கவிதை புத்தகமாக வந்தது 1882இல். கைடில் இந்தத் தேதிகள் தகவலாக இருக்கின்றன. கவிதையிலோ பெயரும் இல்லை, தேதியும் இல்லை, இறந்தார்கள் என்ற சொல்கூட அந்த இடத்தில் இல்லை. கண்ணை மறைக்கும் சூடான கண்ணீர் மட்டும் உண்டு. அதற்குப் பிறகு ஒரு கேள்வி: ஒப்பாரி மாதிரி முனகுவது என்ன? கூழாங்கல் கரையில் கடல் உடைவது போன்ற சத்தம். மரத்தின் அழுகைதான் அது. முன்பே சொல்லி வைத்த உஸ்ஸை இங்கே எடுத்துக் கொடுத்தேன். “திருச்செந்தூர்ல மணல்தானே மாமா, கூழாங்கல் எங்க?” என்றாள். நல்ல கேள்வி. வங்கத்துக் கடற்கரையிலும் கூழாங்கல் கிடையாது. தத் குடும்பம் 1869இல் ஐரோப்பா போனபோது சில மாதங்கள் தங்கியிருந்த பிரெஞ்சு ஊர் நீஸ். அந்த ஊர்க் கரை முழுக்கக் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்களை உருட்டி இழுத்துக்கொண்டு போகும் ஓசை அங்கே உண்டு. வெளிநாட்டில் கேட்டதைக் கொண்டுவந்து வீட்டு மரத்துக்குக் கொடுக்கிறாள். அடுத்த பத்தியில் அதே பிரான்ஸ், இத்தாலிக் கரைகளில் நின்றுகொண்டு வீட்டு மரத்தின் அழுகையைக் கேட்டேன் என்கிறாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள்.

அந்த அழுகை அறியாத தேசத்தையும் எட்டக்கூடும் என்று மூன்றாம் பத்தி முடிகிறது. நாலாம் பத்தியின் முதல் சொல் மறுபடியும் ‘அறியாத’. எடுத்துக் கொடுத்துத் தொடுப்பது. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டதும், “அந்தாதி” என்று குதித்தாள். முழு அந்தாதி என்று சொல்லக் கூடாது. சொல் வரிக்கடைசியில் இல்லாமல் வரிக்குள்ளே இருக்கிறது. ஆனால் நம்மைவிட இதைக் கேட்கத் தகுந்த காது யாருக்கு உண்டு? இதே ஆற்றங்கரையில், கிழக்கே போனால் ஆழ்வார்திருநகரி. திருவாய்மொழியின் 1102 பாசுரமும் ஒன்றன் முடிவை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து, கடைசிச் சொல் முதல் சொல்லோடு போய்ச் சேரும் ஊர். அங்கே நம்மாழ்வார் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம் இன்றும் கும்பிடப்படுகிறது. ராத்திரியில் இலை கூம்பாது என்று உறங்காப்புளி என்று பெயர். மரத்தடியும் பாட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது எனக்கு இந்தக் கவிதையில் ஆகப் பிடித்த இடம். மூன்று பத்தி வரை மரம் ‘அது’. ராட்சதன், அழகு, அழுகை, எல்லாமே படர்க்கை. நாலாம் பத்தியின் கடைசியில் திடீரென்று ‘நீ’. மரமே, உன் உருவம் என் முன்னால் எழுந்தது என்கிறாள். ஐந்தாம் பத்தி முழுக்க மரம் முன்னிலைதான். அதே நேரத்தில் மூன்றாம் பத்தியில் ‘நீங்கள்’ என்று எதிரே நிறுத்திப் பேசின அண்ணனும் அக்காவும் ஐந்தாம் பத்தியில் ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். மரம் அதுவிலிருந்து நீயாகிறது. மனிதர்கள் நீங்களிலிருந்து அவர்களாகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று கடந்து போவதற்கு நடுவில் இருப்பது அந்த ஒப்பாரி ஒன்றுதான். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சொல்லச் சொல்ல இது நாக்கில் தட்டுப்படுகிறது. ஆங்கில வாசகர் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். நானே மூன்றாம் தடவை தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் பிடித்தேன்.

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆச்சி தவறினன்னிக்கு அம்மா, ‘என்ன விட்டுட்டுப் போய்ட்டியே’ன்னுதான் அழுதா. இப்ப ‘அவுக இருந்தா’ன்னு சொல்லுதா” என்றாள். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தவள். அந்த ஆச்சி எனக்கு அம்மா. ஒப்பாரியில் எல்லாரும் நீ. பதினாறு கழிந்து பந்தல் பிரித்த பிறகு எப்போதோ ஒரு நாள், யாரும் கவனிக்காமல், அவுக. வாசலில் பந்தல் போட்டதும் சவுக்குக் கம்பில்தான்.

“இத எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?”

நியாயமான கேள்வி. திருத்துகிறவர் மேஜையில் கட்டுக் கட்டாகத் தாள். விடைக்குறிப்பில் இருக்கிற விஷயங்கள் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஆகவே அவற்றை விடக் கூடாது: கொடி, குரங்கு, குயில், ஆம்பல், இழந்த தோழர்கள், அவர்களுக்காக அழும் மரம், மறதியிலிருந்து அன்பு காக்கட்டும் என்ற வேண்டுதல். இதற்கே நூறு சொல் போய்விடும். மிச்சம் ஐம்பதில் நுட்பம் ஒன்றோ இரண்டோ நிற்கும், அதற்கு மேல் இடமில்லை. எது என்பதை நீதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

ஐந்தாம் பத்தியில் எனக்குக் குறையும் உண்டு. நாலாம் பத்தியின் குகையில் தூங்கும் நீர்ப்பேயே கடைச்சரக்கு. ஐந்தாவதில் பழஞ்சொல் இன்னும் கூடிவிட்டது. தன் பாட்டு பலவீனம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில், ஆசையைக் குறிக்கும் ஒரே பழஞ்சொல்லை ஒரே வரியில் இரண்டாவது தடவையும் போட வேண்டியிருக்கவில்லை. பொரோடேல் யூ மரங்களைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதியதைத் தொட்டுக்கொண்டு, என் மரமும் அந்தச் சாகாத மரங்களின் வரிசையில் சேரட்டும் என்கிறாள். வேர்ட்ஸ்வொர்த்தை அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டாள், வேறொரு கவிதையில். பொரோடேல் எங்கே இருக்கிறது, யூ எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. “நம்ம உறங்காப்புளிய வச்சுக்கிடுவோம் மாமா” என்றாள். தாளில் எழுதாதே, மனசில் வைத்துக்கொள் என்றேன். எழுதினால்தான் என்ன என்று பிறகு தோன்றியது.

கடைசி நாள் கடிகாரத்தை வைத்து எழுதச் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று, சொல் 171. புகழ்பெற்ற இந்தியப் பெண் கவிஞர் என்று தொடங்கும் கைடு வாக்கியங்கள் இரண்டும் அப்படியே முன்னால் நின்றன. ‘அது’ன்னு போனது ‘நீ’யாகுது என்பதையும் எழுதியிருந்தாள், நறுக்கென்று ஒரே வாக்கியத்தில். இருபது சொல்லாவது குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சுக்குக் காப்பி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவள் விடைத்தாளை விட்டுவிட்டு ஐந்தாம் பத்திக்கு ரைம் ஸ்கீம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரிக்கடைசியில் பென்சில் நின்றது.

“மாமா, இந்த ‘ரிபோஸ்’ முன்னாடியே வந்துட்டுல்லா?”

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஆமாம். முதல் பத்தியின் பதினோராம் வரி, பாட்டின் முடிவைத் தள்ளிப் போட்ட அந்த வரி, அதன் கடைசிச் சொல்.

“அங்க எல்லாரும் ராத்திரி தூங்குதாங்க, பறவ பாடுது. இங்கயும் அதே தூக்கம்தான் போட்டிருக்கா. ஆனா இங்க...”

மேலே சொல்லவில்லை. இத்தனை நாள் இந்தப் பதினோரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அது என் கண்ணில் படவே இல்லை. அவள் விடைத்தாளை இழுத்து, “இதுக்கு எத்தன சொல்லு மாமா ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே கைடிலிருந்து எழுதின முதல் இரண்டு வாக்கியத்தையும் அடித்தாள்.